குருவானவரைத் தாங்கிய வீடுகள்

சமயப் பணிக்காக வேற்று நாட்டுக்குச் சென்றவர்களின் வரலாறு பெரும்பாலும் அவர்கள் எழுப்பிய கோயில்களையும் நிறுவிய பள்ளிகளையும் எழுதிய நூல்களையும் கொண்டே சொல்லப்படுகிறது. அவர்கள் எந்தத் திண்ணையில் கண்விழித்தார்கள், யார் சமைத்ததை உண்டார்கள், காய்ச்சலில் விழுந்தபோது யார் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார்கள் என்பவை அந்த வரலாற்றில் ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றன. கொழும்பைப் பொறுத்தவரை, குறிப்பாகக் கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும் அடங்கிய வடபகுதியைப் பொறுத்தவரை, இக்கேள்விகளை விட்டுவிட்டு மறைப்பணியைப் பற்றி எழுதுவது இயலாத காரியம். போர்த்துக்கேயரிடமிருந்து 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் சீர்திருத்தச் சபையை மட்டுமே ஏற்றுக் கத்தோலிக்கக் குருமாரைத் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து விலக்கினர். அத்தகைய ஒருவரை வீட்டில் மறைத்து வைப்பதும் கடுந்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஆகவே அந்நாளில் இங்கு வந்த குருவானவரின் ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு வீட்டாரின் துணிவைப் பொறுத்தே அமைந்தது.

அவ்வாறு வந்தவர்களுள் முதன்மையானவர் யோசப் வாஸ் அடிகளார். 1651இல் கோவாவில் பிறந்த கொங்கணியரான அவர், 1685இல் அங்கு இயங்கிய ஒரட்டோரியன் குழுவில் சேர்ந்தார். ஒரட்டோரியன் என்பது, உரோமையில் பிலிப்பு நேரி என்னும் புனிதர் 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிய முறையைப் பின்பற்றி, துறவற வாக்குறுதிகள் ஏதுமின்றி ஒரே இல்லத்தில் கூடி வாழும் குருமாரின் அமைப்பைக் குறிக்கும். கோவாவில் அது முழுக்க முழுக்க இந்தியக் குருமாரைக் கொண்டதாக இருந்தது. ஐரோப்பிய முகத்தோடு வருபவரை ஒல்லாந்தக் காவலர் துறைமுகத்திலேயே பிடித்துவிடக்கூடிய நிலையில், இந்தியராய்ப் பிறந்தவர் கூலியாளாகவோ வியாபாரியாகவோ பாக்கு நீரிணையைக் கடந்து கூட்டத்தில் கலந்துவிட முடிந்தது. யோவான் என்ற ஒரேயொரு உதவியாளுடன் 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்த வாஸ் அடிகளார், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு பிச்சை கேட்டு வீடு வீடாக நடந்தார். அதைக் கண்டு முகத்தில் மாற்றம் காட்டிய வீட்டாரைத்தான் அவர் தேடினார். மாலையை அடையாளம் கண்டுகொண்ட அந்த வீட்டாரும் தம் உயிரைப் பணயம் வைத்தே வாய் திறந்தார்கள் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும். சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. அங்கிருந்து புத்தளம் வழியாக 1692இல் கண்டியை அடைந்து, போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தில் சிறையிருந்து, பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் நல்லெண்ணத்தைப் பெற்ற அவர், அந்தப் பாதுகாப்பிலேயே தங்கிவிடாமல் ஒல்லாந்தரின் கொழும்புக்குள் மறைவாக வந்து போனார்.

கொழும்பில் அவரும் அவருக்குப் பின் வந்தோரும் செய்த பணி பெரும்பாலும் இரவுக்குரியது. ஊர்தோறும் இருந்த கத்தோலிக்கரை ஒழுங்குபடுத்த வாஸ் அடிகளார் மூப்பர், அண்ணாவியார் என்னும் இரு பொறுப்புகளைப் பயன்படுத்தினார். மூப்பர் சபையின் காரியங்களைக் கவனிப்பவர், அண்ணாவியார் செபங்களையும் ஞானோபதேசத்தையும் சொல்லிக்கொடுப்பவர். குருவானவர் ஆண்டில் சில நாள்களே ஓரிடத்துக்கு வர முடிந்த காலத்தில், எஞ்சிய நாள்களில் விசுவாசம் அணையாமல் இருந்தது இவ்விருவராலேயே ஆகும். அவர் வரும் செய்தி காதோடு காதாகப் பரவ, நம்பத்தக்க ஒரு வீட்டில் பாவசங்கீர்த்தனமும் ஞானஸ்நானமும் திருமணமும் பூசையும் ஒரே இரவுக்குள் முடிக்கப்பட்டு, விடியுமுன் அவர் வேறிடம் போய்விட வேண்டியிருந்தது. பூசை அப்பத்துக்கு வேண்டிய கோதுமையும் இரசத்துக்கு வேண்டிய திராட்சையும் அந்நாளில் இலங்கையில் விளையவில்லை. அவையும் கடல் கடந்தே வர வேண்டியிருந்தது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தோணியோட்டிய கத்தோலிக்கப் பரதவர் இருந்திராவிட்டால் கோவாவிலிருந்து கடிதமும் பொருளும் ஆளும் வந்து சேர்வது எவ்வளவு அரிதாகியிருக்கும் என்று கணிப்பது கடினமன்று. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோயிலின் தோற்றம் பற்றி வழங்கும் மரபும் இதே வாழ்க்கையைத்தான் காட்டுகிறது: கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்னும் குருவானவர் வியாபாரி வேடத்தில் கொழும்பில் மறைந்து வாழ்ந்தார் என்றும், ஒல்லாந்தர் தேடியபோது கடற்கரை மீனவரே அவருக்கு அடைக்கலம் தந்தார்கள் என்றும் அது சொல்கிறது.

இளம் குருவானவர் ஒருவருக்கு இவ்வாழ்க்கையில் மிகக் கடினமாயிருந்தது ஆபத்தா என்று கேட்டால், அதைவிடப் பேச்சு மொழியும் தனிமையுமே கடினம் என்று கருத இடமுண்டு. 1705இல், தம் 29ஆம் வயதில், இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளாரின் வாழ்க்கை இதற்குச் சான்று. கொங்கணியும் போர்த்துக்கேயமும் அறிந்து வந்த அவர், தமிழையும் சிங்களத்தையும் வளர்ந்த பின் கற்றவர். கற்றதோடு நில்லாமல் இரண்டிலும் நூலாசிரியராக உயர்ந்தவர். போர்த்துக்கேயம், தமிழ், சிங்களம் ஆகிய மூன்றையும் இணைக்கும் அகராதியைத் தொகுத்தார். கிறிஸ்துவின் பாடுகளைத் தியானிக்கும் அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் தமிழ்க் கத்தோலிக்கர் கூடி வாசிக்கும் நூலாகத் தலைமுறைகளைக் கடந்து வந்திருக்கிறது. இத்தகைய மொழி ஏட்டிலிருந்து மட்டும் வருவதன்று. ஒப்பாரியின் இழுப்பும் தாய் மகனை அழைக்கும் முறையும் வீட்டுக்குள் பெண்கள் பேசக் கேட்டவருக்கே கைவரும். அவருக்கு ஆசிரியர்களாக அமைந்தோரின் பட்டியலில் புலவர்களோடு அடுப்படியில் இருந்தோரையும் சேர்த்தே எழுத வேண்டும். கொழும்பில் ஒல்லாந்தரின் அச்சகம் 1737இல் நூல் வெளியிடத் தொடங்கியபோது, அந்த வசதிக்கு வழியில்லாத கொன்சால்வேஸ் அடிகளார் எழுதியவை பனையோலையில் கையால் படியெடுக்கப்பட்டே ஊர் ஊராகச் சென்றன. 1742இல் போலவத்தையில் இறக்கும்வரை அவர் இந்நாட்டை விட்டு நீங்கவில்லை.

தனிமையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஊராருக்கெல்லாம் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவானவர் தம் பாவத்தை அறிக்கையிட வேறொரு குருவானவர் வேண்டும் என்பது கத்தோலிக்க முறை. வாஸ் அடிகளாருக்கோ இலங்கைக்கு வந்த பின் ஏறக்குறையப் பத்தாண்டுகள் சக குருவானவர் ஒருவரும் கிடைக்கவில்லை. அதற்குப் பின் கோவாவிலிருந்து வந்தவர்களுள் ஒருவர் அவருடைய மருமகனான யோசப் கர்வாலியோ. 1697ஆம் ஆண்டளவில் கண்டியில் பெரியம்மை பரவி மக்கள் நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, இருவரும் சமயம் பாராமல் அவர்களைத் தேடிச் சென்று உணவூட்டிப் புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். அதுவரை அடுத்தவர் வீட்டு உணவிலும் அடைக்கலத்திலும் வாழ்ந்த ஒருவர் அக்கடனை இவ்வாறுதான் தீர்க்க முடியும் என்று தோன்றுகிறது. 1711இல் கண்டியிலேயே வாஸ் அடிகளாரின் உயிர் பிரிந்தது. 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஒல்லாந்தருக்குப் பின் ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் ஆட்சியாளரின் ஆதரவோடு வந்தோரின் நிலை வேறு. 1814 ஜூன் 29இல் காலியில் இறங்கிய வெசுலியன் சபையினர், அதாவது இங்கிலாந்தில் ஜோன் வெசுலி தொடங்கிய மெதடிஸ்த இயக்கத்தின் போதகர்கள், தம் தலைவரான தோமஸ் கோக்கைக் கடற்பயணத்தில் இழந்தே கரை சேர்ந்தனர். அவர்களுக்கு ஆங்கிலேய அதிகாரிகளின் வரவேற்பு இருந்தது. புறக்கோட்டையில் 1816இல் கோயில் எழுந்தது. தம் இருபதுகளின் வயதில் அவர்களோடு வந்த பெஞ்சமின் கிளப் சிங்கள அகராதி தொகுக்கும் அளவுக்கு மொழியில் தேர்ந்தார். ஆனால் அரசின் ஆதரவு காய்ச்சலைத் தடுப்பதில்லை. வரும் வழியிலேயே மனைவியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மட்டக்களப்புக்குத் தனியே அனுப்பப்பட்ட வில்லியம் ஓல்ட், பள்ளிகளைத் தொடங்கிய ஓராண்டுக்குள், 1815 ஏப்ரலில், அங்கேயே இறந்தார்.

கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை ஆங்கிலேயர் 1806இல் நீக்கிய பின், மறைவில் நடந்த வழிபாடு வெளியே வந்தது. கொட்டாஞ்சேனையில் புனித லூசியா பேராலயம் உயர்ந்தது. இன்று அப்பேராலயத்தைச் சூழ்ந்த தெருக்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், வடக்கிலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய குடும்பங்களுக்கும், கோயிலுக்குப் போவது அச்சம் கலவாத ஞாயிற்றுக்கிழமை வழக்கம். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடைக் கோயிலில் குண்டு வெடித்த பின் சில காலம் அவ்வச்சம் திரும்பி வந்ததை அவர்கள் அறிவார்கள். குருமாரின் பெயர்கள் தெருக்களுக்கும் பள்ளிகளுக்கும் சூட்டப்பட்டுவிட்டன. கதவு திறந்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் மறைந்துவிட்டன.

எனினும் அவற்றைத் தேடுவதற்கு வழி அடைபட்டுவிடவில்லை. ஒல்லாந்தர் பள்ளித் தோம்பு என்னும் பதிவேடுகளை வைத்திருந்தனர். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் முதலியவை குடும்பவாரியாக அதில் எழுதப்பட்டன. தோம்பில் பதியாத திருமணம் வாரிசுரிமையில் சிக்கலை உண்டாக்கியதால், மனத்தால் கத்தோலிக்கராய் இருந்தோரும் சீர்திருத்தச் சபையாரின் ஏட்டில் பெயர் எழுதிக்கொண்டே இரவுப் பூசைக்கு வந்தனர். அத்தோம்புகளுள் எஞ்சியவை கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. ஒரட்டோரியன் குருமார் கோவாவுக்கு எழுதிய அறிக்கைகளை எஸ். ஜி. பெரேரா அடிகளார் போன்றோர் முன்பே தொகுத்து அச்சில் தந்திருக்கின்றனர். இவ்விரண்டையும் ஊர்வாரியாக அருகருகே வைத்துப் படிக்கும் பொறுமையுள்ள ஆய்வாளர் ஒருவர், ஒல்லாந்தமும் போர்த்துக்கேயமும் கற்றவராகவும் கொட்டாஞ்சேனையின் பழைய குடும்பப் பெயர்களை அறிந்தவராகவும் இருந்தால், அந்த வீடுகளில் சிலவற்றையாவது அடையாளம் காண முடியும்.