நான் எழுதிய வாக்குமூலம்

எங்கள் பெரியப்பாவின் வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இல்லை. 1986ஆம் ஆண்டு, தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் (எம்மவர் வழக்கில் 'ஸ்டோரில்') இரவு வேலையின்போது அவை போயின.

சி.ரி.சி. இயந்திரத்தைக் கண்டிராதவர்களுக்காகச் சிறிது கூறவேண்டும். பற்கள் வெட்டப்பட்ட இரண்டு உருக்கு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். ஒன்று மெதுவாக, மற்றையது ஏறத்தாழப் பத்து மடங்கு வேகத்தில். வாடிய கொழுந்து அவற்றிடையே நசுங்கிக் கிழிந்து சுருண்டு வெளிவரும். கொழுந்தை இழுக்கும் அதே பற்கள் விரலையும் இழுக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் உருளை உடனே நிற்பதில்லை. பற்கள் மழுங்குமாதலால் அடிக்கடி தீட்டவேண்டும். அதற்கெனக் கழற்றிய காப்பு மூடி அன்றிரவு மீண்டும் பூட்டப்படவில்லை. கொழுந்து அடைத்துக்கொண்டது. நிறுத்தினால் வேலை பின்தங்கும். பெரியப்பா கையால் தள்ளினார்.

கட்டு அவிழ்க்கப்படுமுன்பே ஆபீசுக்கு அழைத்தார்கள். எழுதுவதற்கென என்னையும் கூட்டிச் சென்றார். எனக்கு அப்போது வயது 15. கையெழுத்துக்குப் பாடசாலையில் பரிசு பெற்றவன். கிளாக்கர் சொல்லச் சொல்ல எழுதினேன். "காப்பு மூடியை நானே கழற்றி வைத்தேன்" என்ற இடத்தில் பேனை தயங்கிற்று.

"ஐயா சொல்றபடி எழுதுடா தம்பி. வேல போயிடக் கூடாது" என்றார் பெரியப்பா.

எழுதினேன். அவர் இடக்கைப் பெருவிரலைப் பதித்தார். நட்டஈடு கிடைக்கவில்லை, ஸ்டோர் வாசலில் காவல் வேலை கிடைத்தது.

பல ஆண்டுகளின் பின், பல்கலைக்கழக நூலகத்திலே 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தைப் புரட்டினேன். எந்த உறுப்புப் போனால் உழைக்கும் ஆற்றலில் எத்தனை வீதம் போகும் என்று அதில் ஓர் அட்டவணை உண்டு. காமன் கூத்துக்குத் தப்படித்த கைக்கு அதில் இடமில்லை, அது போகட்டும். என்னை நிறுத்தியது வேறொரு பிரிவு. வெறும் கவனக்குறைவு நட்டஈட்டைத் தடுக்காது. ஆயின், மரணம் விளையாத காயம், தொழிலாளி வேண்டுமென்றே காப்பினை அகற்றியதால் நேர்ந்ததெனின் முதலாளிக்குப் பொறுப்பில்லை. கிளாக்கரின் வாக்கியம் எங்கிருந்து வந்ததென்று அப்போது விளங்கிற்று. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ, அபாயகரமான பாகங்களுக்குக் காப்பிடும் கடமையைத் தொழிற்சாலையை நடத்துவோர் மீதே சுமத்துகின்றது.

விடுமுறையில் வீடு சென்றபோது பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெருவிரலுக்கும் எஞ்சிய இரு விரல்களுக்குமிடையே தேநீர்க் கோப்பையைப் பிடித்தவாறு கேட்டுக்கொண்டிருந்தார். நெடுநேரம் பேசவில்லை.

"நீதான் எழுதுனேன்னு யாருகிட்டயும் சொல்லாத தம்பி. ஒங்கப்பன் கேட்டா வருத்தப்படுவான்" என்றார்.