இருபத்தைந்து நிமிடம்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் இராது. மேற்கே மலைத்தொடர் கூடவே வரும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், இந்தச் சாலையில்தான் நாம் இருசக்கர வண்டியிலிருந்து சறுக்கி விழுந்தோம். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கட்டைப் பிரித்த பிறகே உண்மையான சோதனை தொடங்கியது. விரல்கள் நம் சொல்லைக் கேட்க மறுத்தன. திருப்பலியில் இரசக் கிண்ணத்தை உயர்த்தியபோது கை நடுங்கியது. முன்வரிசையில் இருந்த ஒரு சிறுவன் அதைத் தன் தாய்க்குச் சுட்டிக்காட்டியதையும், அவர் அவன் கையைத் தட்டிவிட்டதையும் நாம் கண்டோம். கால் நூற்றாண்டுக்கு மேலாக அக்கிண்ணத்தை உயர்த்திய கை அது. அன்று முதல், அந்த நேரம் நெருங்கும்போதெல்லாம் நெஞ்சில் அச்சம் புகுந்துகொண்டது.

இயன்முறைச் சிகிச்சைக்காக வாரம் நான்கு நாள் பேருந்தில் ராஜபாளையம் சென்று வந்தோம். அங்கே நமக்கு நெடுநாளாய்ப் பழக்கமான பெரியவர் ஒருவர் இருக்கிறார். நூற்பாலையில் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். நம் கையைப் பார்த்தவர், “சாமி, நம்ம மன்றத்துல ஒரு ஸ்னூக்கர் மேசை சும்மா கிடக்கு. டாக்டர் சரின்னு சொன்னா வந்து ஆடிப் பாருங்க. கைக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது” என்றார். மருத்துவரும் இசைந்தார். சிகிச்சை முடிவதற்கும் ஊர் திரும்பும் பேருந்துக்கும் இடையே நமக்குக் கிடைத்தது இருபத்தைந்து நிமிடம். அவ்வேளையில் மன்றத்தில் வேறு எவரும் இரார். ஆகவே தனியாகவே ஆடவேண்டும்.

இந்த ஆட்டம் நம் மண்ணுக்கு அந்நியமானதன்று. 1875இல் ஜபல்பூரில் ஆங்கிலேயப் படை அதிகாரியான நெவில் சேம்பர்லின் இதற்கு வித்திட்டார் என்றும், 1882இல் நமது உதகமண்டலத்துக் கிளப்பில் இதன் விதிகள் எழுதி வைக்கப்பட்டன என்றும் வரலாறு கூறுகிறது. ‘ஸ்னூக்கர்’ என்பது இராணுவக் கல்லூரியில் முதலாண்டு மாணவனைக் கேலியாக அழைத்த சொல். எளிய அடி ஒன்றைத் தவறவிட்ட தோழரை அப்பெயரால் அழைத்த சேம்பர்லின், இந்த ஆட்டத்தில் நாம் எல்லாருமே ஸ்னூக்கர்கள்தாம் என்று உடனே சமாதானமும் சொன்னாராம். ஐம்பது வயதைக் கடந்து கோலைப் பிடித்த நமக்கு அப்பெயர் நன்றாகவே பொருந்தியது.

முதல் வாரம் முழுவதும் வீணாயிற்று. பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள மேசையில் இருபத்திரண்டு பந்துகளையும் பரப்பி, மனம் போனபடி அடித்துக்கொண்டிருந்தோம். அடுக்குவதிலும் பொறுக்குவதிலுமே பாதி நேரம் கழிந்தது. எளிதாக விழும் பந்துகளையே தேடித் தேடி அடித்தோம். ஒருநாள் வாசலில் நின்று பார்த்த பெரியவர், “இன்னைக்கு என்ன சாமி படிச்சீங்க?” என்று கேட்டார். நம்மிடம் விடை இல்லை.

“நேரம் கொஞ்சமா இருந்தா வேலையும் ஒண்ணுதான் இருக்கணும். உங்க ஊர்ப் பால்கோவாவைப் பாருங்க. ஒரு சட்டி பாலு, கிண்டுற கை நிக்கக்கூடாது” என்றார் அவர்.

அன்று அவர் வகுத்துக் கொடுத்த முறையையே இன்றளவும் பின்பற்றுகிறோம். முதல் பத்து நிமிடம் வெள்ளைப் பந்து மட்டும். அதைப் பழுப்புப் பந்தின் புள்ளியில் வைத்து, நீலம், இளஞ்சிவப்பு, கறுப்பு ஆகியவற்றின் புள்ளிகளைக் கடந்து எதிர் விளிம்பில் மோதுமாறு அடிக்கவேண்டும். பந்தின் நடுவில் அடி விழுந்திருந்தால் அது அதே கோட்டில் கோலின் நுனிக்கே திரும்பி வரும். சற்றுப் பிசகினாலும் பக்கவாட்டில் ஓடிவிடும். எதிராளி இல்லை, ஆதலால் பழிபோட ஆளும் இல்லை.

அடுத்த பத்து நிமிடம் ஒரே ஓர் அடி. மேசையின் நடுவே நீலப் பந்தை வைத்து, நேர்க்கோட்டில் மூலைப் பாக்கெட்டில் வீழ்த்த வேண்டும். பத்து முயற்சி, எத்தனை விழுந்தன என்று குறிப்பேட்டில் எழுதவேண்டும். முதல் நாள் இரண்டு என்று எழுதினோம்.

கடைசி ஐந்து நிமிடம் ஆறு வண்ணப் பந்துகள். மஞ்சளுக்கு 2 புள்ளி தொடங்கிக் கறுப்புக்கு 7 வரை, வரிசையாக எல்லாவற்றையும் வீழ்த்தினால் 27. இதற்கு ஒரே வாய்ப்புத்தான். தவறினால் அன்றைய ஆட்டம் முடிந்தது. “தனியா ஆடுறவன் தனக்குத்தானே மன்னிப்புக் குடுத்துக்கிட்டே இருப்பான். நாளுக்கு ஒரு தடவையாவது அது இல்லாம ஆடணும்” என்பது பெரியவரின் விளக்கம்.

பந்து மெதுவாக உருளும்போது ஒரு பக்கமாக ஒதுங்குவது ஏன் என்று ஒருநாள் கேட்டோம். அவர் மேசையின் பச்சைத் துணியைப் புறங்கையால் நீவிக் காட்டினார். அது கம்பளித் துணி. அதன் மயிரிழைகள் கறுப்புப் பந்து இருக்கும் முனையை நோக்கிப் படிந்திருக்கின்றன. அத்திசையில் பந்து இணங்கிப் போகும். எதிர்த்திசையில் வேகம் குறைந்தால் சற்று விலகும். ஆயுளெல்லாம் நூலோடு வாழ்ந்தவரின் விரல்களுக்கு அது பார்த்தவுடன் புரிந்திருக்கிறது.

ஆறாம் வாரத்தில் நமக்கு ஒரு வீழ்ச்சி நேர்ந்தது. நீலப் பந்தில் ஆறுதான் விழுந்தது. கால் இடறியதாகக் காரணம் சொல்லிக்கொண்டு, ஓர் அடியை மறுபடி அடித்து, ஏழு என்று எழுதினோம். அறையில் எவரும் இல்லை. பிறர் சொல்லும் சாக்குகளைப் பல்லாண்டு செவிமடுத்தவர் நாம். நம்முடையது எவ்வளவு எளிதாக வந்தது! இரவில் உறக்கம் பிடிக்கவில்லை. அற்பமான ஓர் எண்தான். ஆயினும் கை குணமாகிறதா என்பதைக் காட்டுவதற்கு நம்மிடமிருந்த ஒரே அளவுகோல் அந்தக் குறிப்பேடு. அதில் பொய் எழுதினால் ஏமாறப்போவது யார்? மறுநாள் ஏழை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினோம். அந்த அடித்தல் இன்றும் அப்பக்கத்தில் இருக்கிறது.

அதே வாரத்தில் பெரியவர் நம் பிடியைக் கவனித்தார். “ஈரத்துணியப் பிழியுற மாதிரி பிடிக்கிறீங்க சாமி. அதான் நடுங்குது. கோலு விழுந்துடாது, விடுங்க.” பிடியைத் தளர்த்தினோம். கோல் நேராகச் சென்றது. அப்போதுதான் ஓர் உண்மை உறைத்தது. எலும்பு கூடி நெடுநாளாயிற்று. நடுங்கக் கூடாதே என்று இறுக்கிய இறுக்கமே நடுக்கத்தை வளர்த்துக்கொண்டிருந்தது. பீடத்திலும் நாம் செய்துவந்தது அதுவே.

அடுத்த ஞாயிறு கிண்ணத்தை மென்மையாகப் பற்றி உயர்த்தினோம். நடுக்கம் அறவே நின்றுவிடவில்லை. ஆனால் அச்சம் குறைந்திருந்தது. அந்தச் சிறுவன் இம்முறை கூரையிலிருந்த புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்று சிகிச்சை முடிந்துவிட்டது. மணிக்கட்டு முழுமையாக மடங்குவதில்லை. ஆயினும் வாரம் இருமுறை ராஜபாளையம் போகிறோம். பெருவீரர்கள் ஒரே மூச்சில் 147 எடுக்கும் ஆட்டத்தில், நம் உச்சம் இருபது. கறுப்புப் பந்து ஒருநாளும் விழுந்ததில்லை. குறிப்பேட்டில் உள்ளபடியே எழுதிவிட்டு, மேசைக்கு உறையைப் போர்த்தி, பேருந்தைப் பிடிக்க விரைகிறோம்.