கீச்சுக்குரல்

எங்கள் மேனேஜர் வேலையை விட்டுப் போன அன்று மாலை, கேன்டீனில் ஒருத்தன் அவரைப் போலப் பேசிக்காட்டினான். "காரணம் வேணாம், தேதி சொல்லுங்க" என்று குரலைக் கீச்சென்று உயர்த்தி, இல்லாத முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு. எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அவருடைய குரல் கீச்சுக்குரலே அல்ல என்பது வண்டியை எடுக்கும்போதுதான் உறைத்தது.

அந்த நாட்களில் நான் வாசித்துக்கொண்டிருந்தது ஷேக்ஸ்பியரின் 'ஆன்டனியும் கிளியோபாட்ராவும்'. 1606 வாக்கில் எழுதப்பட்ட நாடகம். கடைசிக் காட்சியில் ஆன்டனி இறந்துவிட்டான். எகிப்தின் அரசி தன் கல்லறை மண்டபத்திலேயே சிறைப்பட்டிருக்கிறாள். தன்னை ரோமுக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று தோழி ஐராஸிடம் சொல்கிறாள். அங்கே நம் கதையை நாடகமாகப் போடுவார்கள், ஆன்டனி குடிகாரனாக வருவான், கீச்சுக்குரல் பையன் ஒருவன் என்னை வேசியாக நடித்துக்காட்டுவான். சாவைப் பற்றி அவ்வளவு நிதானமாகப் பேசுகிறவள், இந்த இடத்தில்தான் கூசிப்போகிறாள்.

இதைச் சொல்லும் நடிகனே ஒரு பையன். அன்றைய லண்டன் பொதுமேடைகளில் பெண்கள் நடிக்கவில்லை. 1660க்குப் பிறகுதான் வந்தார்கள். ஒரு நிரல் தன் பிழையைத் தானே திரையில் அச்சிட்டுக் காட்டுவது மாதிரி. எழுதியவனுக்கு எவ்வளவு துணிச்சல்! பையன் ஒரு இடத்தில் சொதப்பினாலும் கூட்டம் சிரித்துவிடும், நாடகம் அங்கேயே முடிந்துபோகும்.

ஆனால் ஷேக்ஸ்பியர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அவர் கதையை எடுத்தது புளூடார்க்கிடமிருந்து, 1579இல் வந்த தாமஸ் நார்த்தின் ஆங்கில வடிவத்தில். அழகில் அவள் ஒப்பில்லாதவள் அல்ல, பேச்சில்தான் கட்டிப்போடுவாள் என்கிறார் புளூடார்க். பல நாட்டுத் தூதர்களோடு மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசினாளாம். அவளுக்கு முன் ஆண்ட அவள் வம்சத்து அரசர்கள் எகிப்திய மொழியைக்கூடக் கற்கவில்லை. படகுக் காட்சியை நார்த்திடமிருந்து கிட்டத்தட்ட அப்படியே அள்ளிக்கொண்ட ஷேக்ஸ்பியர், இந்த மொழிகளை விட்டுவிட்டார். நமக்குக் கிடைப்பது, ஆன்டனிக்குக் கல்யாணமாகிவிட்டது என்று சொன்ன தூதனை அடித்துக் கத்தியை உருவுகிறவள். பிறகு அவனையே கூப்பிட்டு, அந்த ஆக்டேவியா என்ன உயரம், குரல் எப்படி என்று விசாரிக்கிறவள். சிரிப்பு வரத்தான் செய்கிறது.

கஜானாக் கணக்கிலும் இதே கதைதான். பாதிச் சொத்தை மறைத்துவிட்டாள் என்று பொருளாளர் செலூகஸ் ஆக்டேவியஸ் முன் போட்டுக்கொடுக்கிறான். அவள் வாழ ஆசைப்படுகிறாள் என்று அவன் நம்பிவிட்டுப் போனான், ஏமாந்தது அவன்தான் என்று புளூடார்க் தெளிவாகச் சொல்கிறார். ஷேக்ஸ்பியர் அந்த விளக்கத்தைத் தரவில்லை. தந்திரமா, பேராசையா? முதல் வாசிப்பில் பேராசை என்றே எடுத்துக்கொண்டேன். ஏன் அப்படி எடுத்துக்கொண்டேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது.

சாமுவேல் டேனியல் 1594இல் எழுதிய கிளியோபாட்ரா கண்ணியமானவள். யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்க முடியாது. எனக்குப் பாதியிலேயே தூக்கம் வந்துவிட்டது.

அவள் செத்தும் ரோம் விடவில்லை. கிமு 29இல் நடந்த வெற்றி ஊர்வலத்தில், பாம்பு சுற்றிய அவள் உருவத்தைச் செய்து தூக்கிக்கொண்டு போனார்கள்.

மேனேஜருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பலாம் என்று நினைத்தேன். என்னவென்று எழுதுவது? அடுத்த வாரம் கேன்டீனில் அவன் மறுபடி ஆரம்பித்தான்.

"அவங்க அப்படிப் பேச மாட்டாங்கடா" என்றேன்.

"தெரியும்டா. அவங்க மாதிரியே பேசினா யாரு சிரிப்பா?" என்றான்.