ஒரு மணி நேரத் தொலைவு

தூரத்தை முன்னோர் மைல்கல்லைக் கொண்டு அளந்தனர். விமானம் வந்தபின் நாம் கடிகாரத்தைக் கொண்டு அளக்கிறோம். இரண்டு கணக்கும் பொய்யல்ல. ஆயினும் இரண்டும் சேர்ந்தும் ஒரு பயணத்தின் முழு உண்மையைச் சொல்லிவிடுவதில்லை.

வடகோடியிலுள்ள ஸ்ரீநகரையும் லடாக்கின் லே நகரையும் எடுத்துக்கொள்வோம். வான்வழியே இடைத்தொலைவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர். நம் கண்டாச்சிபுரத்திலிருந்து மதுரைக்கு நேர்கோடு கிழித்தால் ஏறக்குறைய அவ்வளவே வரும். விமானம் அதை ஒரு மணிக்குள் கடந்துவிடும். தரைவழியோ கார்கில் வழியாக 400 கிலோமீட்டருக்கும் மேல். முற்காலத்தில் யார்க்கந்திலிருந்து லே வழியே ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள், இதே மலைவழியைக் கடக்க இரண்டு வாரங்களுக்கு மேல் நடந்தார்கள். 1948 மே மாதம் லேயில் முதல் ராணுவ விமானம் இறங்கியபோது, வாரங்கள் நிமிடங்களாகச் சுருங்கின.

நமக்கு உறவினரான இளைஞர் ஒருவர் லேயில் ராணுவப் பணியில் இருந்தார். ஒரு மார்கழியில் அவருடைய அத்தா ஊரில் மௌத்தானார். செய்தி சில நிமிடங்களில் மகனுக்கு எட்டிவிட்டது. மகன்தான் வந்து சேரவில்லை. மறுநாள் லுஹருக்குப் பின் நல்லடக்கம் முடிந்தது. “ஸ்ரீநகருக்கு ஒரு மணி நேரம், தில்லிக்கு ஒன்றரை மணி நேரம்தானாமே! மனமிருந்தால் வந்திருக்க மாட்டானா?” என்று பள்ளிவாசல் திண்ணையில் பேச்செழுந்தது. தகப்பனை இழந்தவன் மீது பழியும் சேர்ந்தது.

அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் இருப்பதை அறிந்தால் இப்படிப் பேசத் தோன்றாது. லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3,200 மீட்டருக்கும் மேலே, மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருப்பதால் விமானம் ஏற்றும் சுமை குறைகிறது. பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று வேகமெடுப்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து திரும்புகின்றன. பனிமேகம் மலைகளை மறைத்துவிட்டால் அதுவும் இல்லை. தரைவழியிலோ ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள ஸோஜி லா கணவாயைக் குளிர்காலப் பனி மூடிவிடுகிறது. நம் இளைஞர் மூன்று காலைகள் விமான நிலையத்தில் காத்திருந்து, மூன்று காலைகளும் திருப்பி அனுப்பப்பட்டார். ஐந்தாம் நாள் ஊர் வந்து சேர்ந்தவர், வீட்டுக்குள்ளும் நுழையாமல் நேரே அத்தாவின் கப்ரடியில் போய் நின்றார். திண்ணையில் பேசியவர்கள் அவர் முகத்தைப் பார்த்தபின் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கணவாயின் அடியே சுமார் 13 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை அமைக்கும் பணி 2020 அக்டோபரில் தொடங்கியது. வழி எந்நாளும் திறந்திருப்பதற்கான முயற்சி அது. வேகமாகச் செல்வதைவிட, புறப்பட்டவர் போய்ச் சேருவார் என்ற உறுதியே மலைநாட்டாருக்குப் பெரிது.

நம் பிள்ளைகள் இன்று எங்கெங்கோ பணிபுரிகிறார்கள். அவர்கள் வரத் தாமதித்தால், “எத்தனை மணி நேரப் பயணம்?” என்று கணக்குப் பார்க்குமுன், “வழி திறந்திருக்கிறதா?” என்று கேட்போம். தொலைவில் இருப்பவரின் மனத்தை அளக்கக் கடிகாரம் உதவாது.