மூன்று பேரும் 168 மணி நேரமும்

வாரத்துக்கு 168 மணி நேரம். ஆளுக்கு 48 மணி நேரம் என்று வைத்தால் மூன்று நர்சுகள் சேர்ந்து 144 மணி நேரம்தான் பார்க்க முடியும். மூன்றே நர்சுகளை வைத்து இரவு பகலாகப் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மிச்சமுள்ள 24 மணி நேரத்தை யார் தலையில் வைப்பது? சித்தையன்கோட்டையில் வளர்ந்து, ஆத்தூர், செம்பட்டி வட்டாரத்திலேயே வேலை பார்த்த எனக்கு, நர்சிங்கில் தலைமை என்பது இந்தக் கேள்விக்கு நியாயமான பதில் சொல்வதுதான். அந்தப் பதிலுக்கு டூட்டி லிஸ்ட் என்று பெயர்.

லிஸ்ட்டை முதலில் பென்சிலில்தான் எழுதுவேன். நைட் டூட்டியைச் சமமாகப் பிரித்த பிறகே மற்றதெல்லாம். அதற்குப் பிறகு ஒவ்வொருவர் வீட்டையும் நினைத்துப் பார்ப்பேன். பால் குடிக்கிற பிள்ளையை விட்டு வருகிறவர் யார், நோன்பு வைத்திருக்கிறவர் யார், மதிய டூட்டி முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் யார் என்று பார்த்துத்தான் பேனாவை எடுப்பேன். ரம்ஜானுக்கு ஒருவர் வீட்டில் இருந்தால் பொங்கலுக்கு இன்னொருவர் இருக்க வேண்டும். லிஸ்ட் எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் தொங்க வேண்டும். மறைத்து வைத்த லிஸ்ட்டில்தான் சந்தேகம் முளைக்கிறது.

இதில் மிகக் கடினமானது, ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் இருப்பது. 2017 நவம்பரில் ஒப்பந்த நர்சுகள் சென்னையில் சுகாதாரத் துறையின் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடியபோது அவர்களின் மாதச் சம்பளம் 7,700 ரூபாய். பக்கத்தில் நின்று அதே பிரசவத்தைப் பார்க்கும் நிரந்தரப் பணியாளரோடு ஒப்பிட்டால் மனம் கொதிக்கத்தான் செய்யும். சம்பளத்தை, லிஸ்ட் போடும் இன்சார்ஜ் நர்ஸ் மாற்ற முடியாது. ஆனால் வாய் திறக்கத் தயங்குகிற பெண்ணுக்கே நைட்டை அடுக்கிக்கொண்டு போகாமல் இருக்க முடியும். அந்த ஒன்றில் நான் யாருக்காகவும் இறங்கி வந்ததில்லை.

தான் இல்லாத நேரத்திலும் வேலை சரியாக நடக்கும்படி ஏற்பாடு செய்யாவிட்டால், தான் இருந்து செய்த நல்லதும் வீணாகிவிடும் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இலேயே எழுதினார். எங்களுக்கு அந்த ஏற்பாடு, டூட்டி மாறும்போது ஓவர் கொடுப்பது, அதாவது நோயாளியின் நிலையைச் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைப்பது. மேஜையில் உட்கார்ந்து கேஸ் ஷீட்டை நீட்டினால் போதாது. தாயின் கட்டிலருகே இருவரும் நிற்க வேண்டும். பிரசவமான முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கொரு தரம் ரத்தப்போக்கையும் கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் டூட்டி மாறினால், வருகிறவர் தன் கையால் வயிற்றைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் போகிறவர் கைப்பையை எடுக்கலாம்.

கண்டிப்பதற்கும் இடம் உண்டு. 1947இல் டாக்டர் சௌந்திரம் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் தொடங்கிய காந்திகிராமத்தில் பயிற்சி பெற்ற மூத்த அக்காமார்கள், வீடு வீடாக இளையவர்களைக் கூட்டிப்போய்ச் செய்து காட்டியே கற்றுக்கொடுத்தார்கள். குறையைத் திரும்பி வரும் வழியில் சொல்வார்கள், தாயின் முன்னால் சொல்ல மாட்டார்கள். நோயாளியின் உறவினர் சத்தம் போட்டால் இன்சார்ஜ் முன்னால் நிற்க வேண்டும். தவறு யாருடையது என்பதைக் கதவைச் சாத்திய பிறகு பேசிக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தாலும் அந்த 24 மணி நேரம் குறையாது. ஒருவர் பிரசவ விடுப்பில் போனால் மற்ற இருவருக்கும் வாரத்துக்கு 84 மணி நேரம் விழுகிறது. 168ஐ 48ஆல் வகுத்தால் மூன்றரை. லீவுக்கு 30 சதவீதம் கூட்டினால் நாலரையைத் தாண்டும். ஆக, இரவும் பகலும் பிரசவம் பார்க்கிற இடத்துக்கு ஐந்து நர்சுகள் வேண்டும். நல்ல இன்சார்ஜ் இருக்கிறார், சமாளித்துக்கொள்வார் என்று மேலிடம் நினைக்கக் கூடாது. பற்றாக்குறையை நியாயமாகப் பங்கிடுவது எங்கள் கடமை. அதைத் தீர்ப்பது அரசின் கடமை.