நாய், பூனை, கிளி

நாயின் விசுவாசம் எனக்குக் கூச்சத்தைத் தருகிறது. அதட்டி விரட்டினாலும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கிறதே, அந்தப் பிரியத்துக்கு நாம் லாயக்குத்தானா என்று சங்கடமாக இருக்கும். பூனையிடம் இந்தத் தொல்லை இல்லை. பாலைக் குடித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பாராமல் மதிலேறிப் போய்விடும். அந்த மிடுக்கு எனக்குப் பிடிக்கும்.

கூண்டுக் கிளியைத்தான் பார்க்க முடிவதில்லை. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம். சட்டம் யார் வீட்டுத் தாழ்வாரத்தை எட்டிப் பார்க்கிறது! அடுத்த வீட்டுக் கிளி, வளர்த்த பாட்டி காலமான பதினாறாம் நாள், அவள் குரலிலேயே, "அடியே, காப்பி ஆறிப் போறதுடி!" என்றது.

"இதோ வந்துட்டேம்மா" என்று அடுக்களையிலிருந்து பதில் கொடுத்துவிட்டாள் மருமகள்.