கேதார்காந்தாவில் ஒரு சுப்ஹு

இமயம் ஏறுவதென்றால் கயிறும் பனிக்கோடரியும் ஏந்திய வீரர்களுக்கே உரியது என்று எண்ணியிருப்பீர்கள். உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்திலுள்ள கேதார்காந்தா அப்படிப்பட்டதன்று. உயரம் ஏறத்தாழ 3,800 மீட்டர். நடந்து பழகிய கால்களும் பொறுமையும் உடையவர்கள் அதன் உச்சியைத் தொடலாம்.

டேராடூனிலிருந்து ஒரு பகல் முழுதும் மலைச்சாலையில் குலுங்கிச் சென்றால் சாங்க்ரி என்னும் சிற்றூர். அங்கிருந்து நடைதான். பைன் மரக்காட்டினூடே ஏறினால் ஜூடா கா தாலாப் என்ற சிறிய ஏரி வரும். குளிர்காலத்தில் அது உறைந்து கிடக்கும். முகாம்களில் பெரும்பாலும் பருப்பும் சோறும் ரொட்டியுமே கிடைப்பதால் ஹலால் பற்றிய கவலை குறைவு.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். உச்சியில் நம் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கினும் குறைவு. தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் கண்டால் உடனே கீழிறங்கிவிடுங்கள். வாலிபத்தை நம்பி வீம்பு பிடிப்பவர்களே அங்கு அதிகம் துன்புறுகிறார்கள்.

கடைசி ஏற்றம் பின்னிரவில் தொடங்கும். சூரிய உதயத்தை உச்சியில் காண்பதே எல்லோருடைய நோக்கம். நமக்கோ அதற்கு முன்பே சுப்ஹு வந்துவிடுகிறது. சூரியன் எழும் தருணம் தொழுவதற்குரிய நேரமன்று. ஆகவே பனிச்சரிவிலேயே தொழ வேண்டியிருக்கும். முந்திய இரவே வழிகாட்டியிடம் சொல்லி வையுங்கள். நின்றால் உடல் விறைத்துவிடும் என்று அவர் தயங்கக்கூடும். அவர் சொல்வது மெய்யே. ஆயினும் இரண்டு ரக்அத்துக்கு எவ்வளவு நேரமாகிவிடும்?

புறப்படுமுன் வெந்நீரில் ஒளுச் செய்து அதைக் காத்துக்கொள்ளுங்கள். வழியில் போத்தல் நீர் உறைந்துவிடும். பனியைக் கொண்டு தயம்மும் செய்துகொள்ளலாமென்று இருந்துவிடாதீர்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அதற்குத் தூசியுள்ள மண் வேண்டும்.

கிப்லாவிலும் கவனம் தேவை. தமிழகத்தில் அது மேற்கிலிருந்து வடக்கே சாய்ந்திருக்கும். இங்கோ மேற்கிலிருந்து இம்மியளவு தெற்கே. பழக்கத்தால் வடக்கே திரும்பிவிடாமல் திசைகாட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வியப்பு உண்டு. நீங்கள் காண வந்த சுவர்க்காரோஹிணி (6,252 மீட்டர்), பந்தர்பூஞ்ச் (6,316 மீட்டர்), காலாநாக் (6,387 மீட்டர்) எல்லாம் கிழக்கே இருக்கின்றன. உடன் வந்தோர் கிழக்கு வெளுக்கிறதா என்று நோக்கியிருக்க, நீங்கள் அத்தனை சிகரங்களுக்கும் முதுகைக் காட்டி, இருண்ட மேற்கை நோக்கித் தக்பீர் கட்டுகிறீர்கள். நெற்றி பனியில் படும்போது சுரீரென்கிறது. ஸலாம் கொடுத்துத் திரும்பினால் கீழ்வானில் சாம்பல் நிறம். சிகரங்களின் விளிம்பு மட்டும் தெரிகிறது.

பிறகு உச்சி. முதல் ஒளி காலாநாக்கின் தலையில் பட்டு, செம்பாகிப் பொன்னாகி வெண்மையாகிறது. சுப்ஹானல்லாஹ் என்பதைத் தவிர நாவில் வேறெதுவும் வருவதில்லை.

வெகுநேரம் தங்கிவிடாதீர்கள். வெயில் ஏறினால் பனி இளகி, இறக்கத்தில் கால் வழுக்கும்.